மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை: நம் பெண்களுக்கும் மருத்துவமனைக்கும் இடையே நிற்பது எது?

பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனையில் தஞ்சாவூர் மாவட்டம் தமிழகத்துக்கே முன்னோடி. தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் உலக வங்கியின் நிதியுதவியோடு, கருப்பைவாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் முயற்சியை 2007-ஐ ஒட்டி முதன்முதலில் நடத்திப் பார்த்தது இரண்டே மாவட்டங்களில்தான். ஒன்று தேனி, மற்றொன்று தஞ்சாவூர். அந்த அனுபவத்தைக் கொண்டு 2012 முதல் மாநிலம் முழுவதும் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம் வந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பைவாய்ப் பரிசோதனை ஆகியவற்றோடு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான மார்பகப் பரிசோதனையும் அதில் சேர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது.

இனி அடுத்த கணக்கைப் பாருங்கள். 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 30 முதல் 49 வயதுள்ள பெண்களிடம், "மார்பகப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டதுண்டா?" என்று கேட்டது. தமிழ்நாட்டில் ஆம் என்றவர்கள் 5.6 சதவீதம். இந்திய அளவில் 0.9 சதவீதம். நாட்டோடு ஒப்பிட்டால் நாம் முன்னே நிற்கிறோம். ஆனாலும் நூறு பெண்களில் தொண்ணூற்று நான்கு பேர் ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை.

பூதலூரிலிருந்து தஞ்சாவூர் சுமார் 20 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அப்படியிருந்தும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் ஏன் போவதில்லை? அந்த இடைவெளியைக் குறைக்க ஜமாஅத்தும் குடும்பமும் என்ன செய்ய முடியும்? இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போவது இதைத்தான்.

நோயின் அளவு

உலக அளவில் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுவே. 2022-இல் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6.7 லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டு இந்தியாவுக்கான மதிப்பீடு, புதிதாகச் சுமார் 1.92 லட்சம் பேர், இறப்பு சுமார் 98 ஆயிரம். இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உலக அளவில் இறப்பின் எண்ணிக்கை புதிய நோயாளிகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் நாட்டில் அது பாதியைத் தாண்டுகிறது. நம்மவர்கள் தாமதமாக வருவதும், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

- மார்பிலோ அக்குளிலோ கட்டி அல்லது தடிப்பு. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. "வலிக்கவில்லையே, ஒன்றுமிருக்காது" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.
- ஒரு மார்பின் அளவிலோ வடிவத்திலோ புதிதாக ஏற்படும் மாற்றம்.
- தோல் குழிவிழுதல், சிவத்தல், ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடித்தல்.
- காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்ளுதல், காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது செதில்.
- காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல்.

இவற்றில் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. "நான் நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள், எனக்கு வராது" என்று சொல்லும் தாய்மார்களும் உண்டு. பால் கொடுப்பது இந்நோய்க்கான வாய்ப்பைக் குறைக்கும், முற்றிலும் நீக்கிவிடாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கும் வரும். பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுபவை நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். அரிதாக ஆண்களுக்கும் வருவதுண்டு.

பரிசோதனை என்றால் என்ன?

பலர் பரிசோதனை என்றதும் பெரிய இயந்திரத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது மிக எளியது. தனியறையில், திரைக்குப் பின்னால், பயிற்சி பெற்ற செவிலியர் இரண்டு மார்பையும் அக்குளையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுப் பரிசோதிப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும்.

கையால் தொட்டுப் பார்ப்பதில் பயனுண்டா என்ற சந்தேகம் எழலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த, 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப்பேருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதனை நடந்தது. செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் பெண்கள். இருபதாண்டுகள் கண்காணித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழ் இறப்பில் அத்தகைய குறைவு தெரியவில்லை.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இரண்டு. ஐம்பது தாண்டிய நம் அம்மாக்களும் நன்னிமார்களும், "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று ஒதுங்கக் கூடாது. அதிகப் பலன் அவர்களுக்குத்தான். அடுத்து, இளவயதுப் பெண்கள் முறைப்படியான பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல், தங்கள் உடலில் மாற்றம் தெரிந்த வாரத்திலேயே போக வேண்டும். முந்தைய மாதம் பரிசோதனையில் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தாலும், புதிதாகக் கட்டி தெரிந்தால் மீண்டும் போக வேண்டும்.

ஏன் போவதில்லை?

முதல் தடை வெட்கம். மார்பு என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் பெண், கட்டி இருப்பதைக் கணவரிடமோ மாமியாரிடமோ எப்படிச் சொல்வாள்? பல மாதங்கள் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள்.

இரண்டாவது தடை வேலை. கல்லணைக் கால்வாயும் வெண்ணாறும் பாயும் இந்த மண்ணில் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, தொடர்ந்து சம்பா, தாளடி என்று நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் வந்துகொண்டே இருக்கும். அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மருத்துவமனை என்பது ஒரு நாள் கூலி இழப்பு. வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கோ சமையலும் பிள்ளைகளும் முதியவர்களும்.

மூன்றாவது, அனுமதியும் துணையும். கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார். மகன் வெளியூரில் இருப்பான். கூட்டிப்போக ஆள் வரட்டும் என்றே மாதங்கள் கழியும்.

நான்காவது பயம். "தெரிந்துவிட்டால் மகளுக்கு மாப்பிள்ளை வராது" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. பூதலூர் வட்டத்திலேயே உள்ள செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனையை இப்பகுதியின் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் தயங்கின. மருந்து உண்டு, குணமாகும் என்று மக்களுக்குத் தெரியவரத் தெரியவர அந்தத் தயக்கம் குறைந்தது. மார்பகப் புற்றுநோயோ தொற்றுநோயே அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஹயா என்னும் நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த ஹயாவைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் சட்டம் எந்த மத்ஹபிலும் இல்லை. நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைத்து, அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குச் சிகிச்சையளித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற ஸஹாபியப் பெண்கள் போர்க்களத்தில் காயமுற்ற ஆண்களுக்கு மருந்திட்டார்கள். தேவை ஏற்படும்போது ஆண், பெண் ஒருவருக்கொருவர் மருத்துவம் செய்யலாம் என்பதற்கு நம் அறிஞர்கள் இந்நிகழ்ச்சிகளை ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இதற்கான வரிசையைச் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993-இல் புரூணையில் கூடிய எட்டாவது அமர்வில் தெளிவாக வகுத்தது. தகுதியுள்ள முஸ்லிம் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நம்பகமான பிற சமயப் பெண் மருத்துவர். அவரும் இல்லாவிட்டால் முஸ்லிம் ஆண் மருத்துவர். அவரும் இல்லாவிட்டால் பிற சமய ஆண் மருத்துவர். நோயை அறியவும் சிகிச்சைக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டுமே பார்க்க வேண்டும். தனிமை ஏற்படாதவாறு கணவரோ மஹ்ரமோ நம்பகமான ஒரு பெண்ணோ உடனிருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்பவர் பெண் செவிலியர். ஆகவே முதல் படியிலேயே தயக்கத்துக்கு இடமில்லை. மேல் பரிசோதனையில் ஆண் மருத்துவர் இருந்தால், "செவிலியர் ஒருவர் உடனிருக்கட்டும்" என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணும் சிகிச்சைக்காக வெளியே செல்லலாம். இத்தா முடியட்டும் என்று நாலு மாதம் பத்து நாள் கட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

கட்டி தெரிந்த பிறகு

பரிசோதனையைவிடக் கடினமான இடம் இதுதான். "மேலே காட்டுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு போகாமல் விட்டுவிட்டால், செய்த பரிசோதனைக்குப் பயனே இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது. நோயாளிகளில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முதலிரண்டு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும். மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும். 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். ஒரு குடும்பமும் அந்த அறுபது நாளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நோயை உறுதிசெய்ய மூன்று படிகள் உண்டு. மருத்துவர் கையால் பார்ப்பது முதல் படி. மேமோகிராம் அல்லது ஸ்கேன் எடுப்பது இரண்டாவது. இளவயதினருக்குப் பெரும்பாலும் ஸ்கேன்தான் பொருத்தம். ஊசியால் சிறு துணுக்குத் திசு எடுத்துப் பரிசோதிப்பது மூன்றாவது. "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்று சொல்லி இந்த மூன்றாவது படியைத் தடுப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அது தவறான நம்பிக்கை. திசுப் பரிசோதனை இல்லாமல் என்ன வகைப் புற்றுநோய், எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லவே முடியாது. எண்ணெய், பத்து, பச்சிலை என்று அலைந்து இழக்கும் மாதங்களும் திரும்ப வராது.

சிகிச்சை என்பது அறுவை, கீமோதெரபி, நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை என்று நோயின் தன்மைக்கேற்ப அமையும். ஆரம்பத்தில் வந்தால் மார்பை முழுமையாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்கவும் பலருக்கு வாய்ப்புண்டு. ஹார்மோன் மாத்திரை ஐந்தாண்டு அல்லது அதற்கு மேலும் நீளலாம். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

நம் பகுதியினருக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவும் அங்கு உண்டு. சென்னை செல்ல நேர்ந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த, புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது அது.

செலவைப் பற்றிய விவரங்களையும் தெரிந்துகொள்வோம்:

- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும், புற்றுநோயும் அதில் அடக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு பதிவு செய்ய வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே அட்டை எடுத்து வைப்பது நல்லது.
- சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை.
- சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசி ஆகியவற்றில் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்பவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.
- சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது.

துணைப் பராமரிப்பு

மருந்து மட்டும் சிகிச்சை ஆகாது. கீமோதெரபி நாட்களில் வாந்தி, சோர்வு, வாய்ப்புண் வரும். முடி கொட்டும், சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும். அந்நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கக்கூடும். மருத்துவமனையில் சொல்லித்தரும் கைப்பயிற்சியை விடாமல் செய்வதும், அந்தக் கையில் வெட்டுக்காயம், சூடு படாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

வணக்க வழிபாடுகள் பற்றியும் பெண்கள் கவலைப்படுகிறார்கள். காயத்தில் தண்ணீர் படக்கூடாதென்றால் கட்டின் மேல் மஸஹ் செய்யவும், தேவைப்பட்டால் தயம்மும் செய்யவும் மார்க்கத்தில் வழி உண்டு. விவரத்தைத் தத்தமது மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். ரமளானில் சிகிச்சை நடந்தால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில் ஃபித்யா உண்டு. நோன்பைக் காரணம் காட்டிக் கீமோ தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். அகற்றப்பட்ட மார்பை அறுவை மூலம் மீண்டும் அமைத்துக்கொள்வது, படைப்பை மாற்றுவதாகிவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. நோயால் ஏற்பட்ட குறையைச் சீர்செய்வது கூடும் என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 2007-இல் மலேசிய அமர்வில் தீர்மானித்திருக்கிறது. அறுவை வேண்டாதவர்கள் உள்ளாடைக்குள் வைக்கும் பஞ்சு அல்லது சிலிக்கான் மார்பைப் பயன்படுத்தலாம்.

கணவன்மார்களுக்கு ஒரு சொல். அறுவை முடிந்து வீடு திரும்பும் மனைவி முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை. அவள் குறைந்துபோனவள் அல்லள் என்பதை அந்த முகம் சொல்ல வேண்டும்.

நோய் முற்றிய நிலையில் இருப்பவர்களையும் நாம் கைவிடலாகாது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு வலி நிவாரணச் சங்கம் தொடங்கியது. அதன் வழியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்து மக்களே குழுவாகச் சேர்ந்தார்கள். மருத்துவரும் செவிலியரும் வலிக்கு மருந்து தர, தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளியைக் கவனித்தார்கள், சிறு சிறு நன்கொடையாகப் பணமும் திரட்டினார்கள். கேரள அரசு 2008-இல் இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு தரும் ஏற்பாடு உண்டு. அரசு செவிலியர் வந்து போவார். மற்ற நாட்களில் கதவைத் தட்ட வேண்டியவர்கள் நாம்.

ஜமாஅத் செய்யக்கூடியவை

1. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஜும்ஆ பயானில் இதைப் பேச வேண்டும். மனைவியையும் தாயையும் அழைத்துப்போகும் பொறுப்பு ஆண்களுடையது என்பதால் அவர்கள் காதில் விழ வேண்டும். பெண்கள் மத்ரஸாவின் ஆலிமாக்கள் அறிகுறிகளைப் பெண்களிடம் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும்.
2. வட்டார மருத்துவ அலுவலரைச் சந்தித்து, மத்ரஸாக் கட்டடத்திலேயே பெண்களுக்கான பரிசோதனை நாள் ஒன்றைக் கேட்கலாம். பெண் செவிலியர், பெண் தன்னார்வலர், தடுப்பு போட்ட தனியறை, வாசலில் ஆண்கள் கூடாத ஏற்பாடு, இவை போதும்.
3. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது நடவும் அறுவடையும் ரமளானும் இல்லாத வாரமாகப் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து மேட்டூர் திறப்பதற்கு முந்தைய கோடை மாதங்கள் பொருத்தமானவை.
4. முகாமுக்கு எல்லாச் சமயத்துப் பெண்களையும் அழைக்க வேண்டும். நம் வயலில் நடவு நடும் சகோதரியும் நம் அண்டை வீட்டாரே.
5. "மேலே காட்டுங்கள்" என்று சொல்லப்பட்ட பெண்ணோடு தஞ்சாவூர் வரை போய்வர இரண்டு பெண்களை நியமிக்க வேண்டும். அவள் பெயர் அந்த இருவரைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அமானிதம் காப்பது இங்கே முதல் தகுதி.
6. ஏழை நோயாளிக்கு ஜகாத்தை அவர் கையிலேயே கொடுக்கலாம். பயணம், சத்துணவு, இழந்த கூலிக்கு அது உதவும். முகாம் செலவு, வாகன வாடகை போன்ற பொதுச் செலவுக்கு ஸதகாவிலிருந்து எடுப்பதே பேணுதலானது.

2023-இல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு சமுதாய அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியபோது, சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று மக்களை அழைத்தார்கள். மக்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருந்தால் வரமாட்டார்கள் என்பது அரசுக்கே புரிந்திருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் கல்யாணத்துக்கு வீடு வீடாகச் சென்று அழைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதே உரிமையோடு ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வாசலில் நின்று, "வாங்க மாமி, சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்" என்று அழைக்கட்டும். பாதித் தயக்கம் அங்கேயே கரைந்துவிடும்.

நோயுற்ற நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குத் துணைநிற்கும் கரங்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.